திண்டிவனம் தூரம்தானே

1

அந்த யோசனை எனக்கு வந்தது ஆஸ்பத்திரி ஓய்வறையில், ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் ஷூவுமாக உட்கார்ந்திருந்தபோது. ஷூ என்னுடையது இல்லை. என்னோடு வார்டில் வேலை பார்க்கும் இங்க்ரிட் புதிதாக வாங்கியது. விலையைச் சொல்லாமல் எடையை மட்டும் சொல்லி, தூக்கிப் பார் என்று என் கையில் கொடுத்தாள். தூக்கினேன். எங்கள் வீட்டுக் கோழிக்குஞ்சு இதைவிடக் கனமாக இருக்கும்.

வசந்தகாலத்தில் இந்த ஊரில் மாரத்தான் நடக்கிறது, அதில் ஓடப்போகிறேன் என்றாள். எவ்வளவு தூரம் என்று கேட்டேன். நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் கொஞ்சமும் என்றாள். என் மனதில் எழுந்தது கிரேக்கத்து வீரன் யாரும் அல்ல. விழுப்புரம் ஜங்ஷனில் காலையில் நிற்கிற பாசஞ்சர் வண்டிதான். கோலியனூரில் பஸ் ஏறி, விழுப்புரத்தில் வண்டி மாறி, திண்டிவனத்தில் இறங்கினால் ஏறக்குறைய அவ்வளவு தூரம் வரும். வாத்தியார்களும் குமாஸ்தாக்களும் வேர்க்கடலையை மல்லாட்டை என்று சொல்லும் மூட்டைக்காரர்களும் அந்த வழியில் தினமும் போகிறார்கள், சாயங்காலம் திரும்பியும் வந்துவிடுகிறார்கள். அதில் பாதித் தூரம் தூக்கத்திலேயே கழிகிறது.

"அட, திண்டிவனம் தூரம்தானே" என்று தமிழில் சொல்லிவிட்டு, நானும் வருகிறேன் என்று ஜெர்மனில் சொன்னேன். என் வாழ்க்கையில் பெரிய முடிவுகள் எல்லாம் இந்த மாதிரி ரொட்டி தின்று முடிப்பதற்குள் எடுக்கப்பட்டவைதான்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு ரயிலில் போனவர்கள் என் வீட்டைப் பார்த்திருப்பீர்கள். விக்கிரவாண்டிக்கும் மயிலத்துக்கும் நடுவில், ஒரு கிராமத்து ரோடு தண்டவாளத்தைக் கடக்கிற இடத்தில் ஒரு லெவல் கிராசிங், பக்கத்தில் ஒற்றை ரயில்வே குவார்ட்டர்ஸ், வாசலில் ஒரு முருங்கை மரம். கேட்டில் பச்சைக் கொடி பிடித்து நிற்பவர் மரியதாசு. என் அப்பா. நான் ரோசலின். நர்ஸ் படிப்பு முடித்து, கன்னியாஸ்திரிகள் வழியாக மேற்கு ஜெர்மனிக்கு வந்து, ரைன் ஆற்றங்கரையில் ஒரு ஊரில் மூன்றாவது குளிர்காலத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

2

இங்கே ஓடுவதற்குக் காரணம் தேவையில்லை. சேலை கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றால் இந்த ஊர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். அதே ஊர், கம்பளிக் குல்லாயும் ஷூவுமாக ஆற்றங்கரையில் மூச்சிரைக்க ஓடினால் தலையை லேசாக அசைத்துவிட்டுப் போய்விடும். வருஷத்துக்கு ஒருமுறை அயல்நாட்டார் அலுவலகத்தில் முத்திரைக்காக வரிசையில் நிற்கும்போது, கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் நான் ஏன் இந்த நாட்டில் இருக்கிறேன் என்பதை முதலிலிருந்து கேட்பார். ஆற்றங்கரையில் அதை யாரும் கேட்டதில்லை. ஓடுகிறவர்களுக்கென்று இங்கே தனிக் குடியுரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வாரநாட்களில் ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை என்றால் காடு, மலை. இங்க்ரிட்டும் வார்டுக்காரர்கள் நாலைந்து பேரும் முதுகுப்பை, வரைபடம், அவித்த முட்டை சகிதம் கிளம்புவார்கள். நானும் போவேன். ஓடையைக் கல் மேல் கல்லாகத் தாண்டி, ஒருவர் நிச்சயம் விழுந்து, எல்லோரும் சிரித்து, மலை உச்சியில் ஒரு மரக் கோபுரத்தில் ஏறி, கீழே தெரிகிற மூன்று கிராமங்களுக்கும் பெயர் சொல்லிவிட்டு இறங்குவோம். ஆறு மணி நேரம் நடந்து, காரை விட்ட அதே இடத்துக்குத் திரும்பி வருவோம். எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. பொங்கலுக்கு லீவில் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் விலாவாரியாகச் சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டார்.

"போயி இன்னா எடுத்துக்கினு வந்தீங்க?" என்றார்.

ஒன்றுமில்லை என்றேன்.

"வெறகு கூடவா இல்ல?" என்றார்.

3

இந்தப் பொங்கல் லீவு ஒன்றரை மாதம். பயிற்சியை நிறுத்தக் கூடாது என்று இங்க்ரிட் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். கிளம்புவதற்கு முன் நானும் அதே மாதிரி ஷூ ஒரு ஜோடி வாங்கி, பெட்டியில் சாக்லேட்டுகளுக்கு நடுவில் வைத்து எடுத்துப் போனேன்.

ஊரில் இறங்கிய அன்றே என் மேல் சந்தேகம் விழுந்துவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கிப் பெட்டியோடு நடந்து வந்தேன். கேட்டு சாத்தியிருந்தது. வீடு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம் நின்றேன். சைக்கிள்காரர்கள், ஆடு ஓட்டுகிறவர், தலையில் புல்லுக்கட்டோடு ஒரு அம்மாள் எல்லோரும் கேட்டுக் கட்டைக்குக் கீழே குனிந்து போய்க்கொண்டிருந்தார்கள். நான் வண்டி போய்க் கட்டை மேலே ஏறும்வரை நின்றேன். மூன்று வருஷப் பழக்கம், கால் நகரவில்லை. அப்பா அந்தப் பக்கமிருந்து பார்த்து, "இன்னா பாப்பா, கீழ பூந்து வராம அங்கியே நிக்கிறே?" என்று கூப்பிட்டார். பிறந்ததிலிருந்து அந்தக் கட்டைக்குக் கீழே பூந்து பள்ளிக்கூடம் போனவள் நான். கேட்டுக்காரர் பெண் கேட்டு திறக்கக் காத்திருந்த கதை வாரம் முழுக்க ஓடியது. அம்மா லூர்து மேரி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள்: "இது எம்பொண்ணு இல்ல. எம்பொண்ண அங்க வெச்சிக்கினு, வேற ஒண்ண அனுப்பிட்டாங்க."

அந்த வேற ஒண்ணு மறுநாள் காலையில் சுடிதாரும் ஷூவுமாக ஓடக் கிளம்பியது.

தென்னாற்காட்டில் ஒரு ஆள் ஓடுவதற்கு மூன்று காரணங்கள்தான் உண்டு. பஸ்ஸைப் பிடிக்க, போலீஸ் செலக்ஷனுக்கு, சாவுக்கு. ஆணாக இருந்தால் மூன்றில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். வளர்ந்த பெண்ணாக இருந்தால் மூன்றாவது மட்டும்தான். முதல் வாரம் என்னைப் பார்த்த ஒவ்வொரு வாசலிலும் ஒரே கேள்வி: "யாருக்கு இன்னாம்மா ஆச்சு?" யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நான் ஓடிக்கொண்டே சொல்வேன். மூச்சு வாங்க, முகம் சிவக்க, கண்ணில் வேர்வை வழிய ஒரு பெண் அப்படிச் சொன்னால் எவர் நம்புவார்?

அப்பாவுக்குக் கவலை வேறு. அவர் ஷூவைத்தான் பார்த்தார். கேட்டுக்கு மேற்கே இருக்கிற பெரிய தெரு வழியாகப் போகாதே, வாய்க்கால் கரையோடு போ என்றார். அந்தத் தெருவில் அவர் சின்ன வயதில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர். ரயில்வேயில் சேர்ந்து காக்கிச் சட்டை போட்ட பிறகும் பழக்கத்தில் வாய்க்கால் கரையோடுதான் போவார். வாய்க்கால் கரையில் முள் இருக்கிறது என்று காரணம் சொல்லிவிட்டு நான் தெரு வழியாகவே ஓடினேன். நெஞ்சு படபடத்தது, ஓட்டத்தினால் மட்டும் அல்ல. தெருவில் இருந்தவர்கள் என் காலைப் பார்க்கவே இல்லை. முகத்தைப் பார்த்து, "யாருக்கு இன்னாம்மா ஆச்சு?" என்றார்கள்.

தனியாக ஓடுவதால்தான் இப்படி என்று முடிவுசெய்து துணைக்கு ஆள் பிடித்தேன். செல்வி என்னோடு படித்தவள், கோலியனூர் பக்கம் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சனிக்கிழமையானால் என் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவளுக்கு ஓட வராது. சைக்கிளில் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் வருவாள், சிரிப்பாள். எல்லாவற்றுக்கும் சிரிப்பாள். ஜெர்மன் ஞாயிற்றுக்கிழமையை ஊரிலும் நடத்திவிடுவோம் என்று அவளை இழுத்துக்கொண்டு திருவக்கரைக்குப் போய்க் கல்லாகிப்போன மரங்களைப் பார்த்தேன். இன்னொரு சனிக்கிழமை செஞ்சிக் கோட்டை. ராஜகிரி உச்சிவரை உட்காராமல் ஏறுவது என்று பந்தயம். ஏறி இறங்கி வந்தபோது, கீழே மோர் விற்ற அம்மாள் என்ன வேண்டுதல் என்று கேட்டார். மலை ஏறினால் வேண்டுதல், அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"எந்த சாமிக்கும்மா?"

"மாரத்தான் சாமிக்கு" என்றாள் செல்வி.

அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். செல்வி அன்று திண்டிவனம் பஸ் வரும்வரை சிரித்தாள்.

4

அந்தச் சிரிப்புதான் மறுவாரம் எங்களைக் கவிழ்த்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. அம்மா முந்தின நாளே திண்டிவனத்தில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள், முதல் பூசை காண. பூசைக்கு வராமல் ஓடப் போகிறேன் என்றதில் அவளுக்கு ஏற்கெனவே என் மேல் வருத்தம். அப்பா கேட்டில் இருந்தார். நான் கிளம்பினேன், செல்வி சைக்கிளில் பின்னால். பெரிய தெருவைத் தாண்டி, ஹைவேஸில் ஏறுகிற இடத்தில் ஒரு டீக்கடை. திண்டிவனம் போகிற முதல் பஸ் அங்கே நின்றுகொண்டிருந்தது. அந்த இடத்தில் ஒரு நாய் என்னைத் துரத்தியது. நான் வேகமெடுத்தேன். செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சைக்கிளை நிறுத்தி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க நின்றாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது.

டீக்கடையிலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஒருத்தி தலைதெறிக்க ஓடுகிறாள். இன்னொருத்தி நடுரோட்டில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுகிறாள். கண்டக்டர் இறங்கி வந்து யாருக்கு என்ன என்று செல்வியைக் கேட்டிருக்கிறார். அவளால் பேச முடியவில்லை, கையை மட்டும் ஆட்டினாள். ஓடுகிறது கேட்டுக்காரர் பெண் என்றார் டீக்கடைக்காரர். அப்படியானால் கேட்டுக்காரருக்குத்தான் என்றார் கண்டக்டர். நேற்று கூட நன்றாக இருந்தாரே என்று பஸ்ஸுக்குள் ஒருவர் வருத்தப்பட்டார். பஸ் கிளம்பிவிட்டது.

செல்வி இதை உடனே என்னிடம் சொல்லியிருக்கலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது பஸ் போய்விட்டது, பெரிசாக ஒன்றுமில்லை என்று நினைத்தாளாம். நாங்கள் பாட்டுக்கு விக்கிரவாண்டிப் பக்கம் ஓடினோம். ஓடும்போது நான் அவளுக்கு ரைன் ஆற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திண்டிவனத்தில் பஸ் நின்ற இடத்திலிருந்து கோயில் கூப்பிடு தூரம். பூசை முடிகிற சமயம். செய்தி, மணி அடிக்கிற கோயில்பிள்ளைக்குப் போனது. அவர் கடமை தவறாதவர்; போய்த் துக்க மணியை அடித்துவிட்டார்.

நாங்கள் வீடு திரும்பி, நான் பம்பில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். சென்னைப் பக்கத்திலிருந்து வண்டி வருகிற நேரம். அப்பா கேட்டைச் சாத்திவிட்டுப் பச்சைக் கொடியோடு நின்றார். ரோட்டில், எட்டத்தில், மாட்டு வண்டிகளுக்கும் ஒரு கரும்பு லாரிக்கும் பின்னால் திண்டிவனத்து டவுன் பஸ் வந்து நிற்பது தெரிந்தது. அதிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். இறங்கி ஓடி வந்தாள்.

என் அம்மா ஓடி நான் பார்த்ததே இல்லை. செருப்பு ஒன்று வழியில் கிடந்தது, புடவைத் தலைப்பு தரையில் இழுபட்டது. கட்டைக்குக் கீழே பூந்து வந்து அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். வண்டி போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டி தாண்டும்வரை கேட்டுக்காரர் வண்டியைத்தான் பார்க்க வேண்டும், திரும்பக் கூடாது. அது சட்டம். அத்தனை பெட்டிகளும் போகும்வரை அம்மா அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் முகத்தில் சோப்போடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி போனது. அப்பா கொடியைச் சுருட்டிக்கொண்டே திரும்பினார்.

"இன்னா லூர்து, பஸ்ஸு இன்னும் அந்தாண்ட தான நிக்குது, நீ எப்பிடி வந்தே?"

அம்மா அவர் கையிலிருந்த கொடியைப் பிடுங்கித் தூக்கி எறிந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பஸ்ஸில் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கட்டையைத் தாண்டி வந்தார்கள். சித்தி, உபதேசியார், கோயில் ஆட்கள் பத்துப் பதினைந்து பேர். சித்தியின் கையில் பெரிய ரோஜா மாலை. மாலை யாருக்கு என்று அப்பா கேட்டார். உபதேசியார் சுதாரித்துக்கொண்டு மாலையை வாங்கி, வீட்டுக்குள் போய் மாதா படத்துக்குப் போட்டுவிட்டு வந்தார்.

அம்மா என்னிடம் அன்று பேசியது ஒரே ஒரு தடவை. "கோயில்ல துக்க மணி அடிச்சாங்கடி. எவளோ ஒருத்தி தாலியறுத்துட்டாளேன்னு அவளுக்காக முழந்தாள் போட்டு வேண்டிக்கினு இருந்தேன். வெளிய வந்தா, அவ நான்தான்னு சொல்றாங்க."

அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

5

செய்தி ரயில்வேக்கும் போயிருக்கிறது; மத்தியானம் விழுப்புரத்திலிருந்து பாசஞ்சரில் வந்த ஒரு இளைஞர், ஸ்டேஷனிலிருந்து நடந்து கேட்டுக்கு வந்து சேர்ந்தார். தோளில் பை, கையில் புதுக் கொடிகள். அப்பாவைப் பார்த்ததும் அவருக்கு நிம்மதி.

"நீங்க செத்துட்டதா சொல்லி, சார்ஜ் எடுத்துக்கினு வரச் சொன்னாங்கண்ணா. சாவிய யாருகிட்ட வாங்கறதுன்னு ஒரே பேஜாரா இருந்துது. நல்லவேளை, இருக்கீங்க."

அப்பா அவருக்குச் சோறு போடச் சொன்னார். ஆர்டர் ஆர்டர்தான் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சாப்பிட்டு முடித்ததும், தாம் உயிருடன் பணியில் இருப்பதாக அப்பா ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கையெழுத்து அவருடையதுதானா என்று பார்க்க அந்த இளைஞருக்கு அதிகாரம் இல்லையாம், வாங்கிக்கொண்டு போனார். சில நாளில் மேலிடத்திலிருந்து பதில் வந்தது. கேட்டில் கூட்டம் கூடியதற்கும் தவறான தகவல் பரவியதற்கும் காரணம் என்ன என்று எழுத்தில் விளக்க வேண்டும்.

அப்பா பயந்துவிட்டார். ரிட்டயராக இரண்டு வருஷம்கூட இல்லை, இதுவரை விளக்கம் கேட்டு ஒரு தாள் வந்ததில்லை. என் மகள் உடற்பயிற்சிக்காக ஓடினாள் என்று எழுதலாம் என்றேன் நான். அவர் என்னைப் பார்த்த பார்வையில், அந்த வாக்கியம் மேலிடத்தில் எப்படிப் படிக்கப்படும் என்பது எனக்கே தெரிந்துவிட்டது. "வேணாம் பாப்பா. இனிமே இங்க ஓடாத. அங்க போயி ஓடிக்க" என்றார். என் ஷூவை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். லீவு முடிய இன்னும் பதினைந்து நாள். இங்க்ரிட் அங்கே பனியில் ஓடிக்கொண்டிருப்பாள். நான் கட்டிலில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கேட்டில் வழக்கமான கூட்டம். புல்லுக்கட்டு அம்மாள் கேட்டது காதில் விழுந்தது: பொண்ணு ஏன் இப்பல்லாம் ஓடறதில்ல, புத்தி தெளிஞ்சுதா? அம்மா பதில் சொன்னாள். அவள் குரல் எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னது மாதிரி இருந்தது.

"வேண்டுதல் அது. அவங்கப்பாவுக்காக. வர்ற ஞாயித்துக்கெழமை திண்டிவனம் மாதா கோயில் வரைக்கும் ஓடி முடிச்சிடுவா."

நான் எழுந்து வெளியே ஓடினேன். பல நாள் கழித்து அம்மாவிடம் பேச்சு.

"நான் எதுவும் வேண்டிக்கலியேம்மா."

"நீ வேண்டல. நான் வேண்டிக்கினேன். பஸ்ஸ வுட்டு எறங்கி ஓடியாந்தேன் பாரு, அப்ப. இந்த மனுசன் மட்டும் உயிரோட நிக்கட்டும், எம்பொண்ண உன் கோயிலுக்கு ஓடவே வுடறேன் தாயேன்னு."

"என் காலை வெச்சா?"

"எங்காலு எங்க போவுது? முட்டி பிடிச்சிக்கினு ஒரு வாரமா மாடிப்படி ஏற முடியல" என்றாள். எங்கள் வீட்டில் மாடியே கிடையாது.

எனக்கு ஆட்சேபிக்க இடம் இல்லை. மொட்டை போடுவதாக வேண்டிக்கொள்கிறவர் ஒருவர், தலை வேறொருவருடையது. எங்கள் பக்கத்தில் இதுதான் வழக்கம். என் தலை ஐந்து வயதுக்குள் இரண்டு தடவை வேளாங்கண்ணியில் மழிக்கப்பட்டது. இரண்டும் சித்தப்பாவின் வேலைக்காக. காலை வைத்து வேண்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை, அவ்வளவுதான். அம்மா ஓடி வரும்போது நிஜமாகவே வேண்டினாளா, இல்லை ஊர் வாயை அடைக்கப் பிற்பாடு யோசித்தாளா, எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அப்பாவின் விளக்கமும் அன்றே தயாராகிவிட்டது. தன் மகள் வேண்டுதல் நிமித்தம் ஓடியதைப் பொதுமக்கள் தவறாகப் புரிந்துகொண்டனர் என்று எழுதினார். மேலிடம் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு கோலியனூரில் செல்வி வீட்டு வாசலிலிருந்து கிளம்பினேன். அங்கிருந்து ஆரம்பித்தால்தான் தூரம் கணக்குக்குச் சரியாக வரும். விழுப்புரம் எழுந்திருப்பதற்குள் அதைத் தாண்டிவிட்டோம். விக்கிரவாண்டியில் வெயில் ஏறவில்லை. கால் சும்மா பறந்தது. இந்த வேகத்தில் போனால் இங்க்ரிட்டுக்கு முன்னால் முடித்துவிடுவேன் என்று செல்வியிடம் சொன்னேன். வேண்டுதலில் போட்டி கூடாது என்றாள் செல்வி. அன்று அவள் சிரிக்கவே கூடாது என்பது ஒப்பந்தம்.

ஓட்டம் எங்கள் கேட்டு வழியாகத்தான் போக வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள். ஹைவேஸை விட்டு இறங்கிக் கிராமத்து ரோட்டில் திரும்பினேன். அங்கேதான் மரியாதை ஆரம்பித்தது. வேண்டுதலுக்குப் போகிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். மூன்று வருஷத்தில் மறந்துபோய்விட்டது. வாசலுக்கு வாசல் குடத்தோடு பெண்கள் நின்றார்கள். நான் கிட்டே வந்ததும் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். நிற்காமல் ஓடினால் கூடவே ஓடி வந்து ஊற்றினார்கள். எந்தக் கோயில், எந்தச் சாமி என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரிய தெருவிலும் ஊற்றினார்கள். அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போன தெருவில், வயதான ஒரு அம்மாள் குனிந்து என் ஷூவின் மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, ஈரக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கேட்டில் அப்பா எனக்குப் பச்சைக் கொடி காட்டினார். வண்டி எதுவும் வரவில்லை. விதிப்படி அது தப்பு.

அந்த ஷூ பனிக்கும் தூசிக்கும் செய்யப்பட்டது. மஞ்சள் தண்ணீருக்கு அல்ல. உள்ளே குளம் கட்டி, ஒவ்வொரு அடிக்கும் தவளை மாதிரி சத்தம் போட்டது. அதற்கு மேல் நீர்மோர், இளநீர், பானகம். மறுத்தால் பாவம் அவர்களுக்கு என்றாள் செல்வி. மயிலம் கூட்ரோடு வந்து சேர்ந்தபோது இரண்டு குதிகாலும் தோல் உரிந்து, மஞ்சளோடு ரத்தமும் கலந்து வந்தது. வயிற்றில் மோர் அலையடித்தது. உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். வேறொருவரின் காலாக இருந்தால் இதற்கு மேல் ஒரு அடி வைக்கக் கூடாது என்று சொல்லியிருப்பேன். அது என் தொழில். எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன்.

திண்டிவனம் போகிற பஸ் தானாக நின்றது. அதே கண்டக்டர். என்னைக் கைத்தாங்கலாக ஏற்றி, முன் சீட்டில் இருந்தவரை எழுப்பிவிட்டு உட்கார வைத்தார். ரொம்ப ஜாக்கிரதையாக, "அப்பா... எப்பிடி இருக்காரு?" என்று கேட்டார்.

கோயில் வாசலில் அம்மா நின்றிருந்தாள். நான் பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள்.

"எது வரைக்கும்?"

"மயிலம் கூட்ரோடு."

அம்மா தன் புடவைத் தலைப்பால் என் குதிகாலைத் துடைத்தாள். உள்ளே கூட்டிப்போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வைத்தாள். திரும்பி வரும்போதுதான் சொன்னாள்: "அப்ப பாக்கி இருக்குது."

சில நாளில் நான் விமானம் ஏறிவிட்டேன். பெட்டியில் வறுத்த மல்லாட்டை, கேப்பை மாவு, மஞ்சள் கறை போகாத ஷூ.

7

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தேன். நாயோடு நடந்துகொண்டிருந்த ஒருவர் கை கொடுத்துத் தூக்கினார். எல்லாம் சரிதானே என்று கேட்டார், பதிலுக்குக் காத்திராமல் போனார். நல்ல மனிதர். நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, இன்னொருவர் வந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்க மாட்டாரா என்று பார்த்தேன்.

போட்டியில் சேர டாக்டர் சான்றிதழ் வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரிடமே போனேன். ரத்த அழுத்தம் பார்த்தார், நெஞ்சில் குழல் வைத்தார், குடும்ப விவரம் கேட்டார். தந்தை உயிருடன் இருக்கிறாரா? ஆம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. செல்வி மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் கொட்டச் சிரித்தேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, எப்போது நடந்தது என்று கேட்டார். இந்த விஷயத்தில் இரண்டு நாட்டுக்கும் வித்தியாசம் இல்லை.

ஓட்டம் மே மாதம். இங்க்ரிட் நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சுவரில் தாள் ஒட்டி வைத்திருக்கிறாள். எனக்குச் சுவரில் ஒன்றும் இல்லை. போன வாரம் டிரங்க் கால் போட்டேன். சித்தி வீட்டுப் பக்கத்து மருந்துக்கடையில் போன் உண்டு, நான் கடிதத்தில் சொன்னபடி அங்கே அம்மா வந்து காத்திருந்தாள். முடித்ததும் தந்தி கொடுக்கிறேன் என்றேன்.

"தந்தி கிந்தி வேணாம்டி. தந்தின்னா சாவுதான்னு தபால்காரனே அழுதுக்கினு வருவான். திரும்பவும் மணி அடிச்சிடுவாங்க."

பிறகு எப்படித் தெரியும் உனக்கு என்று கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. எத்தனை மணிக்கு ஆரம்பம், எவ்வளவு நேரம் ஆகும் என்று மட்டும் கேட்டாள். இங்கே காலை ஒன்பது, அங்கே பன்னிரண்டரை. நாலரை மணி நேரம், மிஞ்சினால் ஐந்து என்றேன்.

"சரி. அஞ்சே இருக்கட்டும். நீ ஓட ஆரம்பிச்சதுல இருந்து நான் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன். அஞ்சு மணி நேரம் ஆனதும் நீ முடிச்சிட்டேன்னு நெனச்சிக் குடிச்சிப்பேன். என்னைய பொய்யா குடிக்க வெச்சிடாத."

லைன் அறுந்துவிட்டது.

மே மாதத்து மத்தியானம் திண்டிவனத்தில் வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் இப்போது வாரத்துக்கு ஐந்து நாள் ஓடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப் போனாலும் மேட்டில் நடப்பதில்லை, ஏறி ஓடுகிறேன். வரைபடக்காரர்கள் கீழே நின்று பார்க்கிறார்கள். புது ஷூ வாங்கச் சொல்கிறாள் இங்க்ரிட். நான் அந்த மஞ்சள் ஷூவிலேதான் நிற்கப்போகிறேன். முதல் ஐந்து கிலோமீட்டர் கோலியனூர், பிறகு விழுப்புரம், பிறகு விக்கிரவாண்டி, பிறகு அப்பாவின் கேட்டு. மயிலம் கூட்ரோடு வரைக்கும் எனக்கு வழி தெரியும். அதற்குப் பிறகு மிச்சம் இருப்பதை ஓடி இதுவரை பழக்கமில்லை. ஐந்து மணி நேரத்துக்குள் திண்டிவனம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அம்மாவுக்குத் தாகமெடுக்கும்.